தெற்குப் பாத்தி, காலை 6.42

செப்டம்பர் 18, வியாழன்

உயர்திரு. சுந்தரேச பூபதி அவர்கள் இன்று தம் காரையே அனுப்பி என்னைத் தம் அலுவலகத்துக்கு அழைத்திருந்தார். வரவேற்பறையின் நீண்ட சுவரில் என் புகைப்படம் ஆறடி அகலத்தில் தொங்குகிறது. எங்கள் புகைப்படக் கழகத்தின் புரவலர் அவர். ஐந்து ஆண்டுகளாக விடியற்காலையில் எவரையும் கேளாமல் அவருடைய உப்பளத்துக்குள் நுழையும் உரிமையை எனக்கு அளித்தவரும் அவரே. நன்றியோடு இதைப் பதிவு செய்கிறேன்.

படத்தில் மிகச் சிலவே உள்ளன. மேற்பாதியில் நிறமற்ற வானம். கீழ்ப்பாதியில் உப்பு விளைந்த வெண்மை, அதில் பென்சிலால் இழுத்தாற்போல் இரண்டு வரப்புகள். வலப்புறம் ஓர் இருண்ட கீற்று. இம்மாதம் ஐந்தாம் தேதி நடந்த கண்காட்சியில் இதற்கு முதற்பரிசு. நடுவர்கள் அந்தக் கீற்றைத் தனியாகப் பாராட்டினார்கள். அது இல்லாவிட்டால் படம் ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும் என்றார் ஒருவர்.

சட்டத்தின் கீழே பித்தளைத் தகடு பதிக்கப்போகிறார்களாம். அதற்கென ஒரு சான்றுக் கடிதத்தை மேலாளர் தட்டச்சு செய்து வைத்திருந்தார்: 'தெற்குப் பாத்தி, ஆகஸ்ட் 12, காலை 6.42. எவ்வித மாற்றமும் செய்யப்படாத படம்.' நேரத்தை நிமிடம் வரை குறிப்பது என் வழக்கம், இயற்பியல் கற்பிப்பவன். கையெழுத்திட்டேன்.

வீட்டில் ரெஜினா படத்தின் சிறிய பிரதியை வெகுநேரம் பார்த்தாள். என் மனைவி முப்பது ஆண்டுகளாக மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். எந்தப் படத்தையும் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துத்தான் பார்ப்பாள்.

"இந்தக் கறுப்பு என்னது?"

"வரப்போட நிழல்."

"வரப்பு நெழலுன்னா நடுவுல ஏன் ஒடுங்குது?"

சமையலறைக் குழாய் சொட்டுவது அப்போது நினைவுக்கு வந்தது. வாஷர் வாங்கிவரப் புறப்பட்டேன்.

செப்டம்பர் 19

வாஷர் மாற்றினேன். இன்னும் சொட்டுகிறது.

செப்டம்பர் 21, ஞாயிறு

கழகத்தில் என் உரை. தலைப்பு: ஒரு புகைப்படத்தை மினிமலிசப் படமாக்குவது எது. இருபத்திரண்டு பேர் வந்திருந்தார்கள். அவர்களுள் பதினைந்து பேர் சூரியாஸ்தமனத்தைத் தவிர வேறெதையும் படமெடுத்து அறியாதவர்கள். பொருள்கள் குறைவாக இருப்பதாலேயே ஒரு படம் அத்தகுதியைப் பெற்றுவிடுவதில்லை என்றேன். காலியான தட்டைப் படமெடுத்தால் கிடைப்பது காலியான தட்டே. இடம் விடுவது எஞ்சியிருக்கும் ஒன்றுக்கு எடை சேர்ப்பதற்காக. இனி எதையும் அகற்ற இயலாது என்ற நிலையை ஒரு படம் எட்டும்போதுதான் அது நிறைவு பெறுகிறது என்றேன்.

பல் மருத்துவர் ஒருவர் எழுந்தார். "சார், பல்லு புடுங்கறதுலயும் இதே சிக்கல்தான். எதுல நிறுத்தணும்னு எப்படித் தெரியும்?"

சிரிப்பு அடங்கக் காத்திருந்தேன். "இதையும் எடுத்தால் படம் பொய்யாகிவிடும் என்று தோன்றும் இடத்தில்."

கைதட்டினார்கள்.

உரைக்குப் பின் கருப்பட்டிக் காப்பி கொடுத்தார்கள். அந்த மணம் என்னைக் கடந்த மார்ச் மாதத்துக்கு இட்டுச் சென்றது. ரெஜினாவிடம் நான் சொல்லாத செய்தி அது. சொன்னால் விடியற்காலைப் பயணங்களுக்குத் தடை விழும். அன்று சர்க்கரை அளவு தாழ்ந்து தெற்குப் பாத்தியின் வரப்பில் மயங்கி விழுந்தேன். கண் திறந்தபோது என் வாயில் ஒரு துண்டுக் கருப்பட்டி கரைந்துகொண்டிருந்தது. உப்புச் சுமக்கும் பெண் ஒருத்தி தன் சும்மாட்டுத் துணியை விரித்து என் தலைக்கு வைத்திருந்தாள். "கடிச்சிராதிய சார், சப்புங்க" என்றாள். பெயர் ஆவுடைத்தங்கம். நான் எழுந்து நடக்கும்வரை உடனிருந்தாள். அதனால் மேஸ்திரியிடம் திட்டும் வாங்கினாள். அவளுக்கு நான் நன்றி சொன்னேனா என்பது நினைவில்லை. சொல்லியிருப்பேன்.

செப்டம்பர் 24, புதன்

ரெஜினா தாமதமாக வந்தாள். காலணியைக் கழற்றியபடியே பேசத் தொடங்கினாள்.

"உப்பளத்துல விழுந்து இடுப்பெலும்பு ஒடஞ்சு ஆகஸ்ட்ல ஒருத்தி வந்தான்னு சொன்னேன்லா. லோடு ஆட்டோல கொண்டாந்து போட்டாங்களே. இன்னைக்கு மறுபடி படம் எடுக்க வந்தா. ஆவுடைத்தங்கம்னு பேரு. எலும்பு இன்னும் சரியாச் சேரல."

நான் தோசைக்குச் சட்னி எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். அவள் சொல்லி நான் இப்போதுதான் பெயரைக் கேட்கிறேன். ஆகஸ்ட்டில் அவள் பெயர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

"தொழிலாளர் ஆபீஸ்ல நஷ்டஈடு கேட்டு எழுதிப் போட்டிருக்கா. மொதலாளி என்ன சொல்லுதாராம் தெரியுமா? பன்னெண்டாம் தேதி அந்தப் பாத்தியில வேலையே நடக்கலையாம். இவ யாருன்னே தெரியாதாம். ஆதாரமா ஒரு போட்டோ குடுத்திருக்காராம். ஆளே இல்லாத உப்பளம். பரிசு வாங்குன போட்டோவாம்."

தட்டில் தோசையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அவள் வேறொன்றும் கேட்கவில்லை. மனிதருக்குப் பேச அவகாசம் தரும் மனைவி அமைந்ததற்கு நான் நன்றியுடையவன். அந்த அவகாசத்தை நான் இன்று பயன்படுத்தவில்லை.

செப்டம்பர் 25

கல்லூரி இடைவேளையில் உயர்திரு. சுந்தரேச பூபதி அவர்களுடன் தொலைபேசியில் உரையாடினேன். சொற்களை உள்ளபடியே எழுதி வைக்கிறேன்.

"ஐயா, என் படத்தை விசாரணையில் தாக்கல் செய்திருப்பதாகக் கேள்விப்பட்டேன்."

"ஆமா புரொபசர். பெருமையான விஷயம்லா. இந்த ஊர்ல எந்தக் கலைஞன் படம் சர்க்கார் பைலுக்குள்ள போயிருக்கு?"

"அன்று அங்கே வேலை நடந்தது. நான் பார்த்தேன்."

"படத்துல இல்லையே."

"படத்தில் இல்லாதது அங்கே இல்லாததாகிவிடாது."

"பாத்தியளா, இதைத்தான் எங்க வக்கீலு சொன்னாரு, புரொபசர் இரக்கப்பட்டுப் பேசுவாருன்னு. அதனாலதான் கடுதாசி வாங்கினோம். மாற்றம் ஏதும் இல்லைன்னு நீங்கதானே கையெழுத்துப் போட்டிருக்கிய. நீங்க பொய்க் கையெழுத்துப் போடுற ஆளா?" சற்று நிறுத்தி, "டிசம்பர்ல மெட்ராஸ்ல கண்காட்சி வைக்கலாம்னு இருக்கேன். உங்க படம் மட்டும். யோசிங்க" என்றார்.

அழைப்பு நான்கு நிமிடம் நீடித்தது. குரலை உயர்த்தவில்லை. பின்னர் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒளியின் நேர்கோட்டுப் பண்பைப் பாடம் நடத்தினேன். கரும்பலகையில் கோடுகள் வழக்கத்தைவிட நேராக விழுந்தன. எனக்குச் சினம் மூளும்போது கை நடுங்குவதில்லை, உறைந்துவிடும்.

செப்டம்பர் 26

மூலப்படம் இல்லை. கேமரா அட்டை, கணினி, புறச்சேமிப்பு, மூன்றிலும் தேடினேன். ஒரு நாளைக்கு ஒரு படம், மற்றவை அழிக்கப்பட வேண்டும் என்பது நான் கழகத்துக்கே கற்பித்த ஒழுங்குமுறை. அதை என்னளவு கண்டிப்பாகப் பின்பற்றுவோர் எவருமில்லை.

படத்தில் ஓர் உருவம் இருந்தது. இடதுபுற வரப்பில், தலையில் கூடையுடன். அது இருந்தவரை அது உழைப்பைப் பற்றிய படம். அத்தகைய படங்கள் ஆண்டுக்கு நாற்பது வருகின்றன. பதின்மூன்றாம் தேதி மாலை உருவம் அகற்றப்பட்டது. அதன் காலடியிலிருந்து அடுத்த வரப்புவரை நீண்டிருந்த நிழலும் அகற்றப்பட்டது. இருபது நிமிட வேலை.

போட்டிக்கு வரும் படங்களில் எதையும் சேர்க்கவோ நீக்கவோ கூடாது என்பது கழகத்தின் ஏழாம் விதி. துணைத்தலைவர் என்ற முறையில் அதை எழுதியவன் நான்.

செப்டம்பர் 28, ஞாயிறு

பூசை முடிந்து ரெஜினாவை வீட்டில் இறக்கிவிட்டு, ஆவுடைத்தங்கத்தின் வீட்டைத் தேடிப் போனேன். கல்லூரியில் வேலை என்று சொல்லியிருந்தேன்.

தகரக் கூரையின் கீழ், சுவரோரக் கட்டிலில் காலை நீட்டி அமர்ந்திருந்தாள். வயது நாற்பத்தைந்து இருக்கலாம். பாத்தியில் பார்த்தபோது இன்னும் உயரமாகத் தோன்றியவள். என்னைக் கண்டதும் எழ முயன்று, முடியாமல், அதை மறைக்கச் சேலையைச் சரிசெய்தாள்.

"வாங்க சார். என்ன மெலிஞ்சிட்டிய? கருப்பட்டி பையில இருக்கா?"

இருக்கிறது என்று எடுத்துக் காட்டினேன். மார்ச் முதல் அது என் சட்டைப்பையில் இல்லாத நாளில்லை.

"அப்பம் சொன்னபடி கேக்குத ஆளுதான்."

வாங்கிப்போன பழங்களை ஓரமாக வைத்தேன். கால் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"சார், உங்களைப் பாக்கணும்னே இருந்தேன். அன்னைக்குப் படம் புடிச்சியல்லா. எங்க வக்கீலம்மா கேட்டாவ, அது ஒண்ணு போதும்னு சொல்லுதாவ. மொதலாளி குடுத்த படத்துல நான் இல்லையாம். அது வேற நேரத்துல எடுத்ததாட்டு இருக்கும். நீங்க என்னைய வச்சு எடுத்தது இருக்கும்லா?"

"தேடிப் பார்க்கிறேன்."

"இருக்கும் சார். நல்லா நெனவிருக்கு. நான் பாட்டுக்குக் கூடையோட போயிட்டிருந்தேன். நீங்கதான அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு, நில்லுன்னு கைய காட்டுனிய. நின்னேன். ஈர உப்பு, கழுத்து ஒடியுது. நீங்க குனியுதிய, நிமிருதிய, இன்னும் முடியலை. நான் மனசுக்குள்ள, இந்த மனுசன் என்னைய எடுக்கதுக்குள்ள உப்பு கரைஞ்சிரும்னு நெனச்சேன்." சிரித்தாள். "பெறவு வண்டிகிட்ட போயித்தான், போகச் சொல்லிக் கைய காட்டுனிய. நாலு எட்டு வச்சேன். காலு மரத்துப் போயிருந்துச்சு போல. வழுக்கிட்டு."

அவள் குரலில் குற்றச்சாட்டு ஏதுமில்லை. அதைத் தேடிப் பார்த்தேன், இல்லை. நிகழ்ந்ததை நிகழ்ந்த வரிசையில் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.

"இந்தப் படம் கெடைக்கலைன்னா, நான் அங்க வேலையே பாக்கலைன்னு ஆயிரும் சார். பதினெட்டு வருசம். துட்டு போனாலும் போவுது, நான் அங்க இல்லவே இல்லைன்னு எப்படி எழுதுவாவ?"

தேநீர் கொடுத்தாள். சர்க்கரை போடாமல், கேளாமலே. ஒன்பதாம் தேதி விசாரணை. வீடு திரும்பும்போது இருமுறை வழி தவறினேன், பிறந்து வளர்ந்த ஊரில்.

செப்டம்பர் 30

சர்க்கரை, வெறும் வயிற்றில் 168. குழாயைச் சரிசெய்ய ஆள் வருவதாகச் சொல்லி வரவில்லை. எழுத வேறெதுவும் இல்லை.

அக்டோபர் 2, வியாழன்

விடுமுறை. மதியச் சாப்பாட்டுக்குப் பின் ரெஜினா படத்தின் பிரதியை எடுத்துவந்து எனக்கெதிரே அமர்ந்தாள்.

"ஏங்க, ஒரு வாரமாச் சோறு எறங்கலை உங்களுக்கு. இது உங்க படம்தான?"

"ஆம்."

"அந்தப் பொம்பள இதுல இருந்தாளா?"

அவளுடைய தொழிலில் கேள்விகள் இவ்வாறே கேட்கப்படும்: மூச்சை இழுத்துப் பிடி, அசையாதே. நான் எல்லாவற்றையும் சொன்னேன். மார்ச் மாதத்து மயக்கத்தை, கருப்பட்டியை, நீட்டிய கையை, இருபது நிமிட வேலையை, கடிதத்தை, தேடிப் பார்க்கிறேன் என்று அவள் வீட்டில் சொல்லிவந்ததை. ஆறு ஐம்பதுக்கு நான் வண்டியைக் கிளப்பியபோது பின்னால் பெண்களின் கூக்குரல் கேட்டதையும் சொன்னேன். உப்பளத்தில் பெண்கள் ஒருவரையொருவர் கூவி அழைப்பது வழக்கம். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, எனக்குத் தேவையான வெளிச்சம் முடிந்துவிட்டிருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

ரெஜினா நெடுநேரம் என்னைப் பார்க்கவில்லை; படத்தையே பார்த்தாள். பிறகு எழுந்து சன்னலருகே போனாள். படத்தைக் கண்ணுக்கு நேராகக் கிடையாகப் பிடித்து, வலது விளிம்பைக் கன்னத்தோடு சேர்த்துவைத்து, துப்பாக்கியைக் குறிபார்ப்பவள்போல் அதன் குறுக்கே ஒரு கண்ணால் பார்த்தாள்.

"இங்க வாங்க."

"என்ன?"

"கோணம் சரிஞ்சா எலும்பு நீளும். விரல் அளவு எலும்பு முழங்கை அளவு தெரியும். முப்பது வருசமா நெழலைப் பாத்துத்தான் சம்பளம் வாங்குதேன். இப்படிப் புடிச்சுப் பாருங்க."

பார்த்தேன்.

நேராகப் பார்க்கையில் நீண்ட கீற்றாகத் தெரிந்தது, விளிம்பிலிருந்து பார்க்கும்போது சுருங்கித் திரண்டது. அகன்ற ஒரு கூடை. அதன் கீழ் ஒடுங்கிய கழுத்தோடு ஒரு தலை. கூடையைப் பிடித்த கையின் முழங்கை, ஒரு முக்கோணமாக.

நிழல் வரப்பில் முடிந்துவிட்டதென்று கருதி அதுவரை அழித்திருந்தேன். அது வரப்பைத் தாண்டி அடுத்த பாத்திக்குள் விழுந்திருந்தது. அதை வேறேதோ கறை என்று எண்ணி, படத்தின் எடையைச் சமன்செய்வதாகக் கருதி, விட்டுவைத்தேன். நடுவர்கள் பாராட்டியது அவளுடைய தலையை.

"ஒழுங்கா அழிக்கக்கூடத் தெரியாத ஆளைக் கட்டியிருக்கேன்" என்றாள் ரெஜினா. "அதுக்குக் கர்த்தருக்கு நன்றி சொல்லணும்."

பிறகு சமையலறைக்குப் போய்விட்டாள். இரவு உணவின்போதும் பேசவில்லை. ஆனால் என் தட்டை எடுத்துக் கழுவினாள். அதற்கு நான் நன்றியுடையவன். இந்தச் சொல்லை இப்போது அதன் முழு எடையுடன் எழுதுகிறேன்.

அக்டோபர் 4

கணக்கு. ஆகஸ்ட் 12, தூத்துக்குடி, சூரிய உதயம் ஏறத்தாழ 6.06. காலை 6.42க்குச் சூரியன் அடிவானத்திலிருந்து எட்டுப் பாகை உயரத்தில். ஆகவே எந்த நிழலும் தன் பொருளைப்போல் ஏழு மடங்கு நீளும். கூடையோடு சேர்த்து அவள் உயரம் ஒன்றே முக்கால் மீட்டர் என்று கொண்டால் நிழல் பன்னிரண்டு மீட்டர்.

பாத்தியின் அகலம் தேவைப்பட்டது. உப்பளத்துக்குள் நுழைய எனக்கு இப்போது அனுமதியில்லை. வாயிற்காவலர் மிகுந்த சங்கடத்தோடு தெரிவித்தார். ஆவுடைத்தங்கத்தைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"அந்தப் பாத்தியை ஒரு வரப்புலருந்து மறு வரப்புக்கு எத்தனை எட்டுல கடப்பீங்க?"

"கூடையோடவா, வெறுங்கையோடவா சார்?"

"கூடையோட."

"பதினெட்டு. வெறுங்கைன்னா பதிமூணு. ஆனா வெறுங்கையோட யாரு விட்டா?"

கூடையோடு ஓர் எட்டுக்கு அரை மீட்டர். ஒன்பது மீட்டரில் வரப்பு. எஞ்சிய மூன்று மீட்டர் நிழல் அடுத்த பாத்தியில். மூன்று மீட்டர் நிழலை ஏழால் வகுத்தால் நாற்பது சென்டிமீட்டருக்குச் சற்று மேல்: ஒரு தலை, ஒரு கூடை.

"எதுக்கு சார் கேட்டிய?"

சொன்னேன். அவளை அழித்தது நான் என்பதைச் சொன்னேன்.

"என்னைய எதுக்கு சார் எடுத்திய?"

"படம் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன்."

"நல்லா இருந்துச்சா?"

"பரிசு கிடைத்தது."

"சரி" என்று வைத்துவிட்டாள்.

அக்டோபர் 6

துணைத்தலைவர் பதவியிலிருந்து விலகல் கடிதம். பதக்கமும் சான்றிதழும் பதிவுத் தபாலில். ஏழாம் விதியை மீறியவர் பெயரைக் கழக அறிவிப்புப் பலகையில் ஒரு மாதம் வைக்க வேண்டும் என்ற உட்பிரிவையும் நினைவூட்டியிருக்கிறேன். அதையும் நானே எழுதினேன்.

ரெஜினா இன்று பேசினாள். வாஷரைத் தலைகீழாகப் போட்டிருக்கிறேனாம்.

அக்டோபர் 9, வியாழன்

விசாரணை ஒரு சிறிய அறையில். சுழலும்போது கிறீச்சிடும் மின்விசிறி. மேசையின் பின்னால் விசாரணை அதிகாரி, மூக்கின் நுனியில் கண்ணாடி. ஒருபுறம் உயர்திரு. சுந்தரேச பூபதி அவர்களும் அவருடைய வழக்கறிஞரும். மறுபுறம் வாக்கர் எனும் நடைச்சட்டகத்தைப் பிடித்தபடி ஆவுடைத்தங்கமும் அவளுடைய வக்கீலம்மாவும். ரெஜினா விடுப்பெடுத்து வந்து கடைசி நாற்காலியில் அமர்ந்திருந்தாள். ஆவுடைத்தங்கம் என்னைப் பார்த்துத் தலையசைக்கவில்லை.

"பெயர்?"

"கஸ்பார் மோத்தா. இயற்பியல் பேராசிரியர்."

"இந்தப் படம் நீங்க எடுத்ததா?"

"ஆம். இந்தக் கடிதமும் நான் கையெழுத்திட்டது. கடிதத்தில் இடமும் நேரமும் உண்மை. மாற்றம் செய்யப்படவில்லை என்பது பொய். இடது வரப்பில் இவர் நின்றார், தலையில் உப்புக் கூடையோடு. நான்தான் நிற்கச் சொன்னேன். பின்னர் நானே அவரைப் படத்திலிருந்து அழித்தேன். அவர் விழுந்தது நான் எடுத்து முடித்துச் சில நிமிடங்களுக்குள். சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டேன்."

பூபதி அவர்களின் வழக்கறிஞர் எழுந்தார். இளைஞர், பணிவானவர்.

"சார், பரிசுக்காகப் பொய் சொன்னேங்கிறீங்க. இப்ப இரக்கத்துக்காகப் பொய் சொல்லலைன்னு எப்படி நம்புறது?"

"நம்ப வேண்டாம். என் சொல்லுக்கு இந்த அறையில் மதிப்பில்லை. மூலப்படத்தையும் அழித்துவிட்டேன். இந்தப் படத்தை மட்டும் பாருங்கள். இதை உண்மையென்று தாக்கல் செய்தவர் உங்கள் கட்சிக்காரர்."

அதிகாரியிடம் படத்தைக் கிடையாகப் பிடித்து வலது விளிம்பிலிருந்து பார்க்கச் சொன்னேன். அவர் ஐயத்தோடு தூக்கினார். கண்ணாடியைக் கழற்றினார். மீண்டும் மாட்டினார்.

"கூடை" என்றார்.

படத்தை வழக்கறிஞரிடம் நீட்டினார். அவரும் கன்னத்தில் ஒட்டிப் பார்த்தார். தம் கட்சிக்காரரிடம் கொடுத்தார். உயர்திரு. சுந்தரேச பூபதி அவர்கள் மட்டும் அதை நேராகவே பிடித்துப் பார்த்தார்.

"இதையும் நீங்களே வரைஞ்சு சேத்திருக்கலாமே" என்றார் வழக்கறிஞர்.

"படம் மூன்று வாரமாக உங்கள் கட்சிக்காரர் சுவரில் தொங்குகிறது. நடுவர்கள் இந்தக் கீற்றைப் பாராட்டியது நாளிதழிலும் வந்தது, வழக்குத் தொடுப்பதற்கு முன்பே. மேலும், இது நிழல் என்று எனக்குத் தெரிந்திருந்தால் விட்டுவைத்திருக்க மாட்டேன். இவரை அழித்த கைக்கு இதையும் அழிப்பது ஒரு நிமிட வேலை. என் நேர்மைக்குச் சான்றாக இதைக் காட்டவில்லை. என் கண்ணுக்குத் தப்பியதால் மட்டுமே இது எஞ்சியது."

சூரியனின் உயரத்தையும் பாத்தியின் அகலத்தையும் எழுதிய தாளைக் கொடுத்தேன். அகலத்துக்கு ஆதாரம் என்ன என்று அதிகாரி கேட்டார்.

"பதினெட்டு எட்டு" என்றாள் ஆவுடைத்தங்கம், தன் நாற்காலியிலிருந்து. "ஆளை அனுப்பி அளந்து பாருங்க சார். கூடையோட அனுப்புங்க."

அதிகாரி அதையும் எழுதிக்கொண்டார்.

வெளியே வந்ததும் பூபதி அவர்கள் என்னிடம், "ஒரு நல்ல படத்தைக் கெடுத்துட்டிய புரொபசர்" என்றார். இதுவரை அவர் சொன்ன விமரிசனங்களுள் துல்லியமானது. காலம் மட்டுமே பிழை. கெடுத்தது ஆகஸ்ட் பதின்மூன்றில்.

அக்டோபர் 13

மழை தொடங்கிவிட்டது. பாத்திகளில் எஞ்சிய உப்பெல்லாம் கரைந்திருக்கும். அலுவலர் ஒருவர் மழைக்கு முந்தைய நாளே போய் அளந்துவிட்டாராம். ஒன்பது மீட்டர் பத்து சென்டிமீட்டர்.

அக்டோபர் 17, வெள்ளி

வக்கீலம்மா அழைத்தார். அறிக்கை வந்துவிட்டது. ஆகஸ்ட் 12 காலையில் தெற்குப் பாத்தியில் வேலை நடந்தது, ஆவுடைத்தங்கம் அங்கே பணியிலிருந்தபோது விழுந்தார் என்பது ஏற்கப்பட்டது. பூபதி அவர்கள் மேல்முறையீடு செய்யக்கூடும். செய்தாலும் இந்த வரியை அழிப்பது எளிதல்ல என்றார்.

ரெஜினாவிடம் சொன்னேன். அவள் சிலுவைக் குறியிட்டுக்கொண்டு, "போய் நீங்களே சொல்லிட்டு வாங்க. தேடிப் பாக்கேன்னு சொன்ன வீட்டுக்கு" என்றாள்.

அக்டோபர் 19, ஞாயிறு

போனேன். படத்தின் பிரதி ஒன்றைக் கேட்டிருந்தாள், கொண்டுபோனேன். பிடிக்கும் முறையைக் காட்டினேன். கன்னத்தில் வைத்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள்.

"நாந்தான். முழங்கை அப்படித்தான் நிக்கும், சின்ன வயசுல ஒடிஞ்சது." படத்தை மடியில் வைத்தாள். "ஆளை விட்டுட்டு நெழலை வச்சிருக்கியளே சார். நீங்க படிச்ச ஆளா?"

"மன்னிக்க வேண்டும்" என்றேன். இதை எழுத்தில்கூட இதுவரை எழுதவில்லை என்பதைக் கவனிக்கிறேன்.

மழைச் சாரல் படாதபடி அவள் படத்தை மடியில் நகர்த்தி வைத்தாள்.

"அது மெதுவா வரும் சார். காலு சேருத மாதிரி." பிறகு, "கேமரா கொண்டாந்திருக்கியளா?"

"வண்டியில் இருக்கிறது."

"எடுத்துட்டு வாங்க. இப்பம் ஒழுங்கா எடுங்க. நில்லுன்னு மட்டும் சொல்லிராதிய, நிக்கதுக்கு ஆளு இல்ல. உக்காந்துதான்."

எடுத்தேன். ஒரே ஒரு படம். அவள் கண்ணைச் சுருக்கி நேராக என்னைப் பார்க்கிறாள், சிரிக்கவில்லை. அருகே நடைச்சட்டகம். கட்டிலுக்கடியில் இரண்டு பிளாஸ்டிக் குடங்கள், ஒன்றுக்கு மூடியில்லை. ஆணியில் மருந்துச் சீட்டுப் பை, ரெஜினாவின் மருத்துவமனை எக்ஸ்ரே உறை, ஏதோ துணிக்கடை நாட்காட்டி. கொடியில் காயாத சேலை. அரிசி மூட்டைமேல் படுத்த பூனை. ஒழுகுமிடத்தில் வைத்த அலுமினியச் சட்டி. மடியில் அந்தப் பிரதி.

இரவு கணினியில் திறந்தேன். வழக்கப்படி ஒவ்வொரு பொருளாக விரலால் மறைத்துப் பார்த்தேன். குடத்தை, நாட்காட்டியை, பூனையை, சட்டியை. ஒரு மணி நேரம். ரெஜினா பின்னால் வந்து நின்றாள்.

"என்ன பாக்குதிய?"

"எதை எடுக்கலாம் என்று."

"எதை?"

"ஒன்றும் கிடைக்கவில்லை."